மருத்துவப் பதிவேடு பேணலை ஊக்குவித்தல்

மருத்துவப் பதிவேடு பேணலை ஊக்குவித்தல் என்பது, மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் தம்மிடம் வரும் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் முழுமையாகவும் படிக்கும்படியாகவும் குறிப்பு எழுதிப் பாதுகாக்கச் செய்யும் வழிமுறைகளைக் குறிக்கும். சட்டம், தண்டனை, ஊக்கத்தொகை, பயிற்சி, படிவங்களை எளிமையாக்குதல், பதிவின் பயனை மருத்துவருக்கே திருப்பித் தருதல் ஆகியவை இவற்றுள் அடங்கும். ஒரு நோயாளி ஒரே மருத்துவரிடம் வாழ்நாள் முழுவதும் செல்வது அரிதாகிவிட்ட இக்காலத்தில், முதலில் பார்த்தவர் எழுதிய குறிப்பை நம்பியே அடுத்தவர் முடிவெடுக்க வேண்டியுள்ளது. குறிப்பு இல்லையெனில் பரிசோதனை மீண்டும் செய்யப்படும், ஒவ்வாத மருந்து மீண்டும் தரப்படும். சில வேளைகளில் உயிரிழப்பும் நேரும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் இது நாள்தோறும் எழும் சிக்கல். ஊரில் தொடங்கும் சிகிச்சை மணமேல்குடி, அறந்தாங்கி, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனப் பல மருத்துவமனைகளைக் கடந்து முடிகிறது. இத்தனை இடங்களையும் இணைப்பது பெரும்பாலும் நோயாளியின் கையிலுள்ள காகிதங்களே.

பதிவேட்டில் இருக்க வேண்டியவை

நல்ல மருத்துவப் பதிவேடு நான்கு கேள்விகளுக்கு விடை தர வேண்டும். நோயாளி என்ன சொன்னார்? மருத்துவர் என்ன கண்டார்? என்ன நோய் எனக் கருதினார்? என்ன செய்தார்? இவற்றோடு நோயாளியின் பெயர், வயது, பார்த்த நாள், ஒவ்வாமை, முன்பு வந்த நோய்கள், ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகள், பரிசோதனை முடிவுகள், தந்த மருந்தின் பெயரும் அளவும் நாட்களும், அடுத்து வரவேண்டிய தேதி ஆகியவை இடம்பெற வேண்டும். அறுவை சிகிச்சை எனில் ஒப்புதல் படிவமும், சிகிச்சையின் ஆபத்துகளை நோயாளியிடம் விளக்கியதற்கான குறிப்பும் தேவை.

பல் மருத்துவப் பதிவேட்டில் பல் வரைபடம் கூடுதலாக இருக்கும். உலகெங்கும் பெரும்பாலான நாடுகளில் இதற்கு இரட்டை இலக்க முறை பயன்படுகிறது. வாயை நான்கு பகுதிகளாகப் பிரித்து மேல் வலத்துக்கு 1, மேல் இடத்துக்கு 2, கீழ் இடத்துக்கு 3, கீழ் வலத்துக்கு 4 என முதல் இலக்கம் தரப்படும். நடு முன்பல்லில் தொடங்கிப் பின்னோக்கி 1 முதல் 8 வரை இரண்டாம் இலக்கம் தரப்படும். எனவே 36 என்பது கீழ் இடப்பக்கத்து முதல் கடைவாய்ப்பல். 46 என்பது கீழ் வலப்பக்கத்து முதல் கடைவாய்ப்பல். ஓர் இலக்கம் தவறினால் வாயின் மறுபக்கத்திலுள்ள நல்ல பல் பிடுங்கப்படக்கூடும்.

பல் மருத்துவர் வாயை மட்டும் பார்த்து எழுதினால் போதாது. நோயாளி ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை உட்கொண்டால் பல் பிடுங்கிய இடத்தில் இரத்தக் கசிவு நிற்கத் தாமதமாகும். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லையெனில் புண் ஆறுவது தாமதமாகும். எலும்பு தேய்வுக்குத் தரப்படும் பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகளை உட்கொண்டவருக்குப் பல் பிடுங்கினால், அரிதாகத் தாடை எலும்பு அழுகும் நிலை ஏற்படலாம். செயற்கை இதய வால்வு பொருத்தியவருக்குச் சில பல் சிகிச்சைகளுக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தரவேண்டியிருக்கும். இவற்றுள் எதையும் வாயைப் பார்த்து அறிய முடியாது; கேட்டு எழுதியிருந்தால்தான் தெரியும்.

வரலாறு

மருத்துவமனைப் பதிவுகளைச் செம்மையாக்க வேண்டும் என்று முதலில் வலியுறுத்தியவர்களுள் ஒருவர் செவிலியர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். மருத்துவமனைகளை ஒன்றோடொன்று ஒப்பிடப் பயன்படும் பதிவுகள் எங்கும் கிடைக்கவில்லை என்று அவர் 1860-களில் சுட்டிக்காட்டினார். ஒரே சீரான புள்ளிவிவரப் படிவங்களையும் முன்வைத்தார்.

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஒவ்வொரு மருத்துவரும் தமக்கெனத் தனிப் பேரேடு வைத்திருந்தனர். ஒரே நோயாளியின் செய்தி பல பேரேடுகளில் சிதறிக் கிடந்தது. 1907-இல் ஹென்றி பிளம்மர் என்ற மருத்துவர், நோயாளிக்கு ஓர் எண், அந்த எண்ணுக்கு ஒரே கோப்பு என்ற முறையைக் கொண்டுவந்தார். இன்று மருத்துவமனைகளில் நோயாளிக்குத் தரப்படும் பதிவு எண்களுக்கு இதுவே முன்னோடி.

பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் ஒரு படி மேலே சென்றார். சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரும் பின்னர் எப்படி இருக்கிறார் என்பதைத் தொடர்ந்து கேட்டறிந்து அட்டையில் எழுத வேண்டும் என்றார். தம் சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்ற 337 பேரின் விளைவுகளை வெளியிட்டு, அவற்றில் 123 பிழைகள் நேர்ந்ததை அவரே ஒப்புக்கொண்டார். சக மருத்துவர்கள் பலர் இதை விரும்பவில்லை. ஆயினும் அவர் விதைத்த கருத்து, அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி மருத்துவமனைகளுக்கு வகுத்த குறைந்தபட்சத் தரநிலையில் இடம்பெற்றது. முழுமையான பதிவேடு அத்தரநிலையின் நிபந்தனைகளில் ஒன்று. 1919-இல் நூறு படுக்கைகளும் அதற்கு மேலும் கொண்ட 692 மருத்துவமனைகளைச் சோதித்தபோது 89 மட்டுமே அத்தரத்தை எட்டின.

1968-இல் லாரன்ஸ் வீட் என்ற மருத்துவர், நோயாளியின் சிக்கல்களை எண்ணிட்டுப் பட்டியலிட்டு ஒவ்வொன்றின் கீழும் குறிப்பு எழுதும் முறையை முன்வைத்தார். நோயாளி சொன்னது, மருத்துவர் கண்டது, மதிப்பீடு, திட்டம் என்று நான்கு பகுதிகளாக எழுதும் பழக்கம் அதிலிருந்து வளர்ந்தது. மருத்துவ மாணவர்கள் இன்றும் இம்முறையில் எழுதக் கற்கின்றனர்.

இந்தியாவில் சட்ட நிலை

மருத்துவர்களுக்கான ஒழுக்க விதிகளை இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வெளியிட்டது. உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பதும், நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ சட்ட அதிகாரிகளோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அவற்றின் முக்கியக் கூறுகள். தந்த சான்றிதழ்களுக்கு நகலுடன் தனிப் பதிவேடு வைக்கவும், பதிவுகளைக் கணினிமயமாக்க முயலவும் அவ்விதிகள் கூறுகின்றன. உள்நோயாளிப் பதிவுகளைப் பேணாமலும் கேட்டபோது தராமலும் இருப்பது ஒழுக்கக்கேடாகக் கருதப்படும். மருந்துகளின் மூலப்பெயரைத் தெளிவாக, கூடுமானால் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்ற திருத்தம் 2016-இல் சேர்க்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதால், 2002 விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

பல் மருத்துவர்களுக்கு இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2014-இல் திருத்திய ஒழுக்க விதிகள் உள்ளன. மூன்று ஆண்டு, 72 மணி நேரம் என்ற வரம்புகள் இவற்றிலும் உண்டு. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு காணப்படுகிறது. மருத்துவர்களுக்கான விதி உள்நோயாளிகளை மட்டுமே வெளிப்படையாகச் சொல்கிறது. பல் மருத்துவர்களுக்கான விதியோ வெளிநோயாளிகளையும் சேர்த்துச் சொல்கிறது. நாட்டில் நடைபெறும் மருத்துவச் சந்திப்புகளில் மிகப் பெரும்பாலானவை வெளிநோயாளிச் சந்திப்புகளே. பதிவு மிகவும் குறைந்து காணப்படும் இடமும் அதுவே.

1995-இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி. பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் பதிவேடு நீதிமன்றச் சான்றாகவும் முதன்மை பெற்றது. 2008-இல் சமீரா கோலி வழக்கில், நோய் கண்டறிவதற்கான சோதனைக்குப் பெற்ற ஒப்புதலைக் கொண்டு கருப்பை நீக்க அறுவை செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. எதற்காக ஒப்புதல் பெறப்பட்டது என்பது எழுத்தில் தெளிவாக இருக்க வேண்டியதன் தேவையை இத்தீர்ப்பு உணர்த்தியது.

பதிவு நலிவதன் காரணங்கள்

மருத்துவர்கள் பதிவை அலட்சியம் செய்கின்றனர் என்ற ஒற்றை விளக்கம் போதாது. நடைமுறையில் பல காரணங்கள் சேர்ந்து செயல்படுகின்றன.

நேரமின்மை: உலக நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஒரு கட்டுரை, இந்தியாவில் முதல்நிலை மருத்துவச் சந்திப்பு ஏறத்தாழ 2 நிமிடமே நீடிப்பதாகக் காட்டியது. சுவீடனில் அது 22 நிமிடத்துக்கு மேல். இரண்டு நிமிடத்தில் கேட்டு, தொட்டுப் பார்த்து, மருந்து எழுதிய பின் குறிப்பெழுத நேரம் மிஞ்சுவதில்லை.

யாரும் படிக்காமை: மாதந்தோறும் மேலிடத்துக்கு அனுப்பப்படும் அறிக்கைகளால் எழுதியவருக்கு எந்தப் பயனும் திரும்பி வருவதில்லை. எழுதியதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை என்று தெரிந்தவுடன் எழுத்து வெறும் சடங்காகிவிடுகிறது.

ஒரே செய்தியைப் பலமுறை எழுதுதல்: ஒரு நோயாளியின் பெயரும் வயதும் ஓ.பி. சீட்டிலும், வருகைப் பதிவேட்டிலும், ஆய்வக நோட்டிலும், மருந்தக நோட்டிலும், பின்பு கணினியிலும் எழுதப்படுகின்றன. பெயரை ஐந்து முறை எழுதியவர் நோயைப் பற்றி ஒரு வரி எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறார்.

காகிதம் நோயாளியிடமே செல்லுதல்: சிறு கிளினிக்குகளில் மருந்துச் சீட்டே ஒரே பதிவு. நோயாளி அதை எடுத்துச் சென்றபின் மருத்துவரிடம் எதுவும் எஞ்சுவதில்லை.

பயிற்சிக் குறைவு: பதிவெழுதுதல் பாடத்தில் இருந்தாலும், மூத்தவர்கள் எழுதுவதைப் பார்த்தே இளையவர்கள் பழகுகின்றனர். மூத்தவர் சுருக்கக் குறியீடுகளில் கிறுக்கினால் இளையவரும் அவ்வாறே செய்கிறார்.

அச்சம்: எழுதி வைத்தால் அதுவே வழக்கில் எதிராகத் திரும்பும் என்று சிலர் கருதுகின்றனர். ஆனால் நீதிமன்றங்களின் அனுபவம் இதற்கு மாறானது. பதிவே இல்லாத அல்லது பின்னர் திருத்தப்பட்ட பதிவுள்ள மருத்துவர்தான் தம் தரப்பை நிறுவ முடியாமல் திணறுகிறார்.

ஊக்குவிக்கும் வழிகள்

சட்டமும் தண்டனையும்

விதிகள் ஒரு குறைந்தபட்ச எல்லையை வகுக்கின்றன. ஆயினும் தண்டனைக்கு அஞ்சி எழுதப்படும் பதிவு, மருத்துவரைக் காப்பாற்றும் நோக்கில் அமைந்துவிடுவதுண்டு. எல்லா நோயாளிக்கும் அச்சிட்ட ஒரே வாசகம் கொண்ட ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் மட்டும் பெறுவது இதற்கு எடுத்துக்காட்டு. அப்படிவம் கோப்பை நிரப்புமே தவிர, அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்கு உதவாது.

ஊக்கத்தொகை

அமெரிக்கா 2009-இல் இயற்றிய சட்டத்தின்படி, மின்னணுப் பதிவேட்டை முறையாகப் பயன்படுத்தும் மருத்துவருக்கு முதியோர் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாக 44,000 டாலர் வரை ஊக்கத்தொகை தரப்பட்டது. சில ஆண்டுகளில் பெரும்பாலான மருத்துவமனைகள் மின்னணு முறைக்கு மாறின. ஆனால் சுமையும் கூடியது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளியுடன் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினியிலும் மேசை வேலையிலும் மருத்துவர்கள் செலவிடுவதாகக் கண்டது. பிரிட்டனில் 2004 முதல் பொது மருத்துவர்களுக்குத் தரக் குறியீடுகளின்படி பணம் தரப்பட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற கணக்கிடப்படும் செய்திகளின் பதிவு மேம்பட்டது. பணம் தரப்படாத கூறுகள் பின்தங்குகின்றன என்ற குறையும் எழுந்தது.

இந்தியாவில் காசநோய்ப் பதிவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காசநோயாளிகளைப் பற்றி அரசுக்குத் தெரிவிப்பது 2012 மே 7 முதல் கட்டாயமாக்கப்பட்டும், தனியார் மருத்துவர்களிடமிருந்து தொடக்கத்தில் வந்த தகவல் குறைவே. பின்னர் தெரிவித்தால் 500 ரூபாயும் சிகிச்சை முடிவைத் தெரிவித்தால் மேலும் 500 ரூபாயும் தரும் ஏற்பாடு வந்தது. தெரிவிக்கத் தவறினால் தண்டனை என்ற அறிவிப்பு 2018-இல் வந்தது. பதிவு வேலையை ஏற்றுச் செய்யும் களப்பணியாளர்களும் மருத்துவர்களுக்கு உதவினர். 2019-இல் தனியார் துறையிலிருந்து ஏறத்தாழ 6.8 லட்சம் நோயாளிகளின் பதிவு கிடைத்தது. கட்டாயம் மட்டும் இருந்தபோது நடக்காதது, பணமும் கைகொடுக்க ஆளும் சேர்ந்தபோது நடந்தது.

2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க நல எண்ணைத் தருகிறது. அந்த எண்ணோடு பதிவுகளை இணைக்கும் மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் ஆய்வகங்களுக்கும் ஊக்கத்தொகை தரும் திட்டம் 2023 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. இணைக்கப்படும் பதிவுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப இத்தொகை அமைகிறது. எண்ணிக்கைக்குப் பணம் கிடைக்கும்போது பதிவின் உள்ளடக்கம் நலியாமல் பார்த்துக்கொள்வது தனிப் பொறுப்பு.

பயனை மருத்துவருக்குத் திருப்பித் தருதல்

தாம் எழுதியதிலிருந்து தமக்கே ஏதேனும் தெரியவந்தால் மருத்துவர் தொடர்ந்து எழுதுகிறார். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், அறுவையின் விளைவுகளும் சிக்கல்களும் மருத்துவர்வாரியாகத் தொகுத்து ஆராயப்படுகின்றன. ஒருவர் செய்த கண்புரை அறுவைகளில் எத்தனையில் சிக்கல் நேர்ந்தது என்பது அவருக்கே தெரியவருவதால், பதிவேடு அவருடைய கைத்திறனைக் காட்டும் கண்ணாடி ஆகிறது. காட்மன் பாஸ்டனில் விரும்பியது ஏறக்குறைய இதுவே.

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம் மற்றொரு சான்று. சென்னை நகரின் மக்கள்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவகம் 1980-களின் தொடக்கத்திலிருந்து இந்நிலையத்தில் இயங்கிவருகிறது. மருத்துவமனைகள் தாமாகத் தகவல் அனுப்பும் என்று காத்திராமல், பதிவகப் பணியாளர்களே மருத்துவமனைகளுக்குச் சென்று கேஸ் ஷீட்டுகளிலிருந்து செய்திகளைத் திரட்டினர். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளும் ஒப்பிடப்பட்டன. இதனால் எந்தப் புற்றுநோய் கூடுகிறது, எது குறைகிறது, சிகிச்சை பெற்றோர் எத்தனை ஆண்டுகள் வாழ்கின்றனர் என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்தது. கேஸ் ஷீட்டில் கட்டியின் இடமும் நிலையும் எழுதப்படாதிருந்தால் இக்கணக்குகள் எதுவும் சாத்தியமில்லை.

சுமையைக் குறைத்தல்

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதில் முன்மாதிரி. காசநோயால் இறப்போரில் பலர் சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களிலேயே இறக்கின்றனர். யார் ஆபத்தான நிலையில் உள்ளனர் என்பதைக் கண்டறிய நோயாளி முழுவதையும் விரிவாக மதிப்பிடுவது கிராமச் சுகாதார நிலையத்தில் எளிதன்று. எனவே சில அடிப்படை அளவுகள் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டன: உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு வீதம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, தாங்கல் இன்றி நிற்க முடிகிறதா என்பது. இவற்றைப் பணியாளர் ஓர் அட்டையில் எழுதுகிறார். ஆபத்து தெரிந்தால் நோயாளி உடனே உள்நோயாளியாகச் சேர்க்கப் பரிந்துரைக்கப்படுகிறார்.

இந்த அட்டையில் எழுதப்படும் ஒவ்வொரு எண்ணும் ஒரு செயலுக்கு இட்டுச் செல்கிறது. எழுதியவர் தம் நோயாளி மருத்துவமனையில் சேர்க்கப்படுவதைக் காண்கிறார். நீண்ட படிவத்தை அரைகுறையாக நிரப்பச் செய்வதைவிட, சிறிய படிவத்தை முழுமையாக நிரப்பச் செய்வது பயன் தரும் என்பதை இத்திட்டம் காட்டுகிறது.

நோயாளியின் பார்வை

2010-இல் அமெரிக்காவின் மூன்று இடங்களில் 105 மருத்துவர்கள் தாம் எழுதிய குறிப்புகளை நோயாளிகளே படிக்க அனுமதித்தனர். ஓராண்டு முடிவில் நோயாளிகளில் 99 விழுக்காட்டினர் இது தொடர வேண்டும் என்றனர். மருத்துவர்களில் ஒருவரும் விலகவில்லை. தம் குறிப்பை நோயாளி படிப்பார் என்று தெரிந்தால் மருத்துவர் புரியும்படி எழுதுகிறார்.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் பதிவு எண் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு. கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணியைப் பதிவு செய்து 12 இலக்க எண் பெற்றுத் தருகிறார். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் கேட்கப்படுவதால், தனியார் மருத்துவமனைக்குச் செல்லும் குடும்பங்களும் பதிவை மறப்பதில்லை. பதிவைக் கேட்டுப் பெறுவதில் நோயாளிக்கே அக்கறை ஏற்படும்போது மருத்துவரும் செவிலியரும் அதைத் தவிர்க்க முடியாது.

பல் பதிவும் அடையாளம் காணுதலும்

பல் மருத்துவப் பதிவுக்குச் சிகிச்சைக்கு அப்பாலும் ஒரு பயன் உண்டு. பற்கள் நீரிலும் நெருப்பிலும் எளிதில் அழியா. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தாய்லாந்தில் இறந்த வெளிநாட்டவரில் பலர், அவரவர் நாட்டிலிருந்து வரவழைத்த பல் பதிவுகளைக் கொண்டே தொடக்க மாதங்களில் அடையாளம் காணப்பட்டனர். தமிழகக் கரையில் இறந்தவர்களின் உடல்கள் விரைந்து அடக்கம் செய்யப்பட்டன. ஒப்பிட்டுப் பார்க்கப் பல் பதிவும் பெரும்பாலானோருக்கு இல்லை. ஆண்கள் கடலுக்குச் சென்று திரும்பும் ஊர்களில், ஒரு கிளினிக்கில் கிடக்கும் பல் வரைபடமும் எக்ஸ்ரே படமும் காணாமற்போன ஒருவரைப் பற்றி அவர் குடும்பத்துக்கு உறுதியான பதிலைத் தரக்கூடியவை.

கோட்டைப்பட்டினம் வட்டாரமும் பதிவின் தேவையும்

கோட்டைப்பட்டினம் மணமேல்குடி வட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, பாக் நீரிணைக் கரையில் அமைந்த மீன்பிடி ஊர். அருகிலுள்ள ஜெகதாப்பட்டினத்தைப் போலவே இங்கும் விசைப்படகுகள் பல உள்ளன. விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் வாரத்தின் வெவ்வேறு நாட்களில் கடலுக்குச் செல்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். வெளிநாட்டில் வேலைக்குச் சென்று திரும்புவோரும் இக்கரையோரப் பகுதியில் மிகுதி.

இத்தகைய வாழ்க்கைமுறை சிகிச்சையின் ஒழுங்கைத் தீர்மானிக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு மாதந்தோறும் வரவேண்டியவர், வரவேண்டிய நாளில் கடலில் இருப்பார். வேர் சிகிச்சைக்கு மூன்று முறை வரவேண்டியவர் முதல் முறை வந்தபின் வலி நின்றதும் வராமலிருந்து, தடைக்காலத்தில் வேறொரு பல் மருத்துவரிடம் செல்வார். எந்தக் கால்வாய் சுத்தம் செய்யப்பட்டது, உள்ளே என்ன மருந்து வைக்கப்பட்டது என்று எழுதப்படாதிருந்தால் இரண்டாமவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வளைகுடா நாட்டில் சர்க்கரைக்கு மருந்து உட்கொண்டவர் விடுப்பில் வந்து வேறு பெயரில் அதே மருந்தைச் சேர்த்து உட்கொண்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம்.

சிகிச்சை வசதிகள் இப்பகுதிக்கு அருகே வந்துள்ளன. புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி 2017-லும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 2023-லும் தொடங்கப்பட்டன. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மருந்துகள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. இடங்கள் பெருகப் பெருக அவற்றை இணைக்கும் பதிவின் தேவையும் பெருகுகிறது. மேல்சிகிச்சைக்கு அனுப்பும் கடிதத்தில் நோய், தந்த மருந்து, தந்த நேரம், அனுப்பும் காரணம் ஆகிய நான்கும் இருந்தால் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பல நிமிடங்கள் மிச்சமாகும். அதேபோல் அங்கிருந்து டிஸ்சார்ஜ் சம்மரி உள்ளூர் மருத்துவருக்குத் திரும்பி வந்தால், தாம் அனுப்பிய நோயாளிக்கு என்ன ஆனது என்று அவருக்குத் தெரியவரும். அடுத்த கடிதத்தை அவர் இன்னும் கவனமாக எழுத அதைவிடச் சிறந்த தூண்டுதல் இல்லை.

சிறு கிளினிக்கில் செய்யக்கூடியவை

பெரும் செலவின்றித் தொடங்கக்கூடிய சில வழிகள்:

நோயாளிக்கு ஓர் எண் தந்து, அதை மருந்துச் சீட்டிலும் கிளினிக் நோட்டிலும் எழுதுதல்.
மருந்துச் சீட்டுக்குக் கார்பன் நகல் வைத்தல் அல்லது கைப்பேசிக்குப் பதிலாகக் கிளினிக்குக்கு உரிய கருவியில் படமெடுத்துப் பாதுகாத்தல்.
ஒவ்வாமை, இரத்தம் உறையாமைக்கான மருந்து ஆகியவற்றை அட்டையின் முகப்பில் சிவப்பு மையில் எழுதுதல்.
பெயர், வயது, முகவரி, எடை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை உதவியாளர் அல்லது செவிலியர் எழுத, மருத்துவ முடிவை மட்டும் மருத்துவர் எழுதுதல்.
பல் பிடுங்குமுன் பல்லின் எண்ணை நோயாளியிடம் சொல்லி, அட்டையிலும் எக்ஸ்ரேயிலும் சரிபார்த்தல்.
பிழை நேர்ந்தால் அழிக்காமல், ஒற்றைக் கோடிட்டுத் திருத்தி நாளும் கையொப்பமும் இடுதல்.
மாதம் ஒருமுறை பத்துக் கோப்புகளை எடுத்து, விடுபட்டவை எவை என்று தாமே பார்த்தல்.

தனியுரிமை

பதிவு பெருகும்போது அது பிறர் கைக்குப் போகும் ஆபத்தும் பெருகுகிறது. மகப்பேறு, மனநலம், எச்.ஐ.வி. போன்ற செய்திகள் வெளியானால் நோயாளியின் குடும்ப வாழ்வும் வேலையும் பாதிக்கப்படும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரில் இது இன்னும் கூர்மையானது. நோயாளியின் இரகசியம் காப்பது மருத்துவ ஒழுக்க விதிகளின்படி மருத்துவரின் கடமை. மின்னணு வடிவிலுள்ள தனிநபர் தரவுகளுக்கு 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உள்ளது. தம் செய்தி காக்கப்படும் என்ற நம்பிக்கை இல்லாத நோயாளி உண்மையைச் சொல்லமாட்டார். சொல்லாததை எந்த மருத்துவரும் எழுத முடியாது.

நோயாளியின் பங்கு

பல குடும்பங்களில் எக்ஸ்ரே, ஸ்கேன், இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் எல்லாம் ஒரே துணிப்பையில் திணித்து வைக்கப்படுகின்றன. அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி ஒரே கோப்பில் வைத்தாலே மருத்துவரின் நேரம் மிச்சமாகும். தற்போது உட்கொள்ளும் மருந்துகளின் அட்டைகளைக் கையோடு கொண்டுசெல்வதும், பல் மருத்துவரிடம் பிற நோய்களைச் சொல்வதும், உள்நோயாளியாக இருந்து வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டுப் பெறுவதும் பயனுள்ளவை. பதிவின் நகலை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பெறும் உரிமை உண்டு என்பதை நோயாளிகள் அறிந்திருக்க வேண்டும். கேட்பவர் பெருகும்போது எழுதுபவரும் பெருகுவர்.